டம்ளரின் கடைசி வாய்

என் அத்தானை ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'அடுத்தது' என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளியே விழிப்பார். ஆறு மாடிக் கட்டடத்தில் ஓடுகிற ஒரே லிஃப்டைப் பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறவர் அவர். பக்கத்திலேயே இன்னொரு லிஃப்ட் உண்டு. அதில் தொங்குகிற 'பழுது' என்ற அட்டையே பழுதாகிப் போய்விட்டது, அவ்வளவு காலமாயிற்று. பார்வையாளர் நேரத்தில் கூட்டம் முண்டியடித்தால் கம்பிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, "அடுத்தது, அடுத்தது!" என்று கத்துவார். அடுத்த நடையில் வாருங்கள் என்று அர்த்தம். அந்தச் சொல்லே பெயராக ஒட்டிக்கொண்டது.

நான் அவருடைய மச்சினி. அதே கட்டடத்தில் மூன்றாம் மாடித் துணி அறையில் எனக்கு வேலை. சலவையிலிருந்து வருகிற படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் மடித்து வார்டுகளுக்கு அனுப்ப வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. என் அக்கா சாவதற்கு முன்னால் அத்தானிடம் சொல்லச் சொல்லி ஒரு செய்தி கொடுத்தாள். அதை நான் பதினாறு நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான்.

அத்தான் ஒரு மாதிரி ஆள். எதைச் செய்வதென்றாலும் அடுத்த ஒன்றால் போவது எவ்வளவு, வருவது எவ்வளவு என்று மட்டும் பார்ப்பார், மொத்தக் கணக்கைப் பார்க்க மாட்டார். ஒருமுறை லிஃப்டில் நான் நிற்கும்போதே எனக்குப் பாடம் எடுத்தார்.

"உள்ள எட்டுப் பேர் நிக்கிறாங்க. வெளிய ஒருத்தர் ஓடி வர்றார். பத்து செகண்ட் கதவைப் பிடிச்சா எட்டுப் பேருக்கும் சேத்து எண்பது செகண்ட் நஷ்டம். விட்டுட்டுப் போனா அவர் ஒருத்தருக்கே நாலு நிமிஷம் நஷ்டம். எது பெருசு, சொல்லு?"

"ஓடி வர்றது உங்க மாமனாரா இருந்தா?"

"அப்போ கதவைச் சாத்திருவேன்."

லிஃப்டில் நின்ற எட்டுப் பேரும் சிரித்தார்கள். எங்கப்பாவைச் சொன்னாரே என்று நான் மட்டும் முறைத்தேன். பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டிலும் இதே பாட்டுதான். சினிமாவுக்குக் கூட்டிப்போவார். இடைவேளையில் எழுந்துவிடுவார். "டிக்கெட் காசு போனது போச்சு. இருந்து பாத்தா அது திரும்பி வருமா? மிச்சம் ஒண்ணேகால் மணி நேரத்தையும் எதுக்குப் போக்கணும்?" என்பார். அக்கா அசையவே மாட்டாள். எதையும் கடைசிவரை பார்க்கிற பிறவி அவள். அவர் வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருப்பார். படம் முடிந்து வந்து, "கடைசி இருபது நிமிஷம்தாங்க நல்லா இருந்துச்சு" என்று வேண்டுமென்றே சொல்லி வெறுப்பேற்றுவாள். பிள்ளை இல்லாத வீடு. இரண்டு பேரும் இப்படித்தான் ஒருத்தரை ஒருத்தர் சீண்டிக்கொண்டு இருபத்திரண்டு வருடம் ஓட்டினார்கள்.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது. வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை நான்காம் மாடியில் டயாலிசிஸ். அத்தானே லிஃப்டில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிடுவார். கதவைத் திறப்பார், அவள் இறங்குவாள், கதவைச் சாத்துவார், கீழே வருவார். நான்காம் மாடியில் அந்தக் கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. பத்தொன்பது வருடத்தில் ஒரு வார்டுக்குள்ளும் அவர் கால் வைத்ததில்லை. லிஃப்டை விட்டு நகர முடியாத வேலை அது. ஒவ்வொரு மாடியிலும் கதவுக்கு எதிரே இருக்கிற சுவர் மட்டும் அவருக்கு அத்துப்படி.

மெஷினைவிடக் கொடுமை தண்ணீர். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அத்தான் ஒரு பாட்டில் வாங்கி அதில் சிவப்புப் பெயிண்டால் கோடு கோடாகப் போட்டுக் கொடுத்தார். அதற்கும் ஒரு பாடம்.

"தாகத்துல குடிக்கிற முதல் வாய் இருக்கே, அது தங்கம். ரெண்டாவது வாய் அதுல பாதி. போகப்போகக் குறைஞ்சுக்கிட்டே வரும். டம்ளர்ல கடைசி வாய் தாகத்துக்குக் குடிக்கிறதில்ல, பழக்கத்துக்குக் குடிக்கிறது. அந்த வாயை மட்டும் விட்டுடு. உனக்கு ஒண்ணும் குறையாது, உடம்புக்கு அவ்வளவும் லாபம்."

அக்கா அப்படியே செய்தாள். ஒவ்வொரு தடவையும் குடித்துவிட்டு, கடைசி வாயைப் பாட்டிலில் திருப்பி ஊற்றுவாள். ஊற்றும்போது அவள் கண் அந்தத் தண்ணீரிலேயே இருக்கும். அதைப் பார்க்கிறபோதெல்லாம் பாட்டிலை எடுத்து அத்தான் மண்டையில் போடலாமா என்று எனக்கு ஆத்திரமாக வரும். ஆனால் ஒன்று, நியாயமாகச் சொல்ல வேண்டும். தனக்கும் அதே மாதிரி ஒரு பாட்டில் வைத்துக்கொண்டார். லிஃப்டுக்குள் வியர்த்துக் கொட்டுகிற மனிதர், அவரும் அந்த முக்கால் லிட்டரோடு நிறுத்திக்கொண்டார். அவள்மேல் உயிரையே வைத்திருந்தார். அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

மெஷினில் படுத்து எழுந்து வருகிற நாளெல்லாம் அக்கா துவைத்துப் போட்ட துணி மாதிரி கிடப்பாள். தசை பிடித்து இழுக்கும், வாந்தி வரும். மறுநாள் மத்தியானம்தான் எழுந்து உட்காருவாள். "போதுங்க, முடியல" என்பாள். அவர் விடமாட்டார்.

"மொத்தமா யோசிக்காதே. இந்த ஒரு தடவையை மட்டும் பாரு. நாலு மணி நேரம் வலி. பதிலுக்கு ரெண்டு நாள் உயிர். எது பெருசு?"

ஒவ்வொரு தடவையும் அவர் சொல்வதுதான் சரி. இப்படியே இரண்டரை வருடம், முந்நூறுக்கும் மேல் தடவை, ஒவ்வொரு தடவையும் சரியாகவே இருந்தது. அக்கா எலும்பும் தோலும் ஆனாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்குத் துணி அறை வாசலில் வந்து நின்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான்காம் மாடியில் அத்தான் இறக்கிவிட்டதும், கதவு சாத்துகிறவரை நின்றுவிட்டு, படி வழியாக ஒரு மாடி இறங்கி வந்திருக்கிறாள்.

"என்னக்கா, மெஷின் ரிப்பேரா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. நான் போகல."

"பைத்தியமா உனக்கு? நட, நட, நானே கொண்டுபோய் விடறேன்."

"உக்காரு, கத்தாதே. உன் அத்தான் கணக்குதான் போட்டேன். வாரத்துல மூணாவது தடவை எனக்கு என்ன குடுக்குது? வாரம் முழுக்கச் சேந்த களைப்புல சனிக்கிழமை முழுக்கப் படுக்கை, ஞாயித்துக்கிழமை பாதி படுக்கை. அவருக்கு லீவு கிடைக்கிறதே ஞாயித்துக்கிழமைதான். அந்த ஒரு நாள் எழுந்து உக்காந்து அவர்கூடப் பேசணும்டி. இந்த ஒண்ணு மட்டும் வேண்டாம். மத்த ரெண்டும் போறேன்."

"அவர்கிட்டயே சொல்லேன்."

"சொன்னா அவரும் ஒரு கணக்குப் போடுவார். நான் தோத்துருவேன்."

நான் விடவில்லை. நான்காம் மாடி சிஸ்டரிடம் ஓடினேன். அவர் ஏற்கெனவே இவளிடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். "புதன்கிழமை வந்துட்டுத் திங்கள்வரைக்கும் எப்படிம்மா தாங்கும்? நெஞ்சுல தண்ணி கோத்துக்கும், உப்பு ஏறி இதயம் நின்னுரும்." இவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தன் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். புருஷனிடம் சொன்னால் மற்ற இரண்டு நாளும் வரமாட்டேன் என்று மிரட்டல் வேறு. சிஸ்டர் என்ன செய்வார்? தலையில் அடித்துக்கொண்டார். நானும் அடித்துக்கொண்டேன்.

அன்றைக்குத் துணி மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு எனக்கு நாற்பது தலையணை உறை மடித்துக் கொடுத்தாள். நான் மடிப்பது கோணல் என்று கேலி வேறு. பத்து மணிக்குத் தண்ணீர் கேட்டாள். பாட்டில் இல்லை, டம்ளரில். முழு டம்ளர்.

"மாட்டேன்."

"ஒரே ஒரு டம்ளர்டி."

"செத்துருவே, அக்கா."

"தெரியும். குடு."

கொடுத்தேன். யாராக இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்தால் கொடுத்திருப்பார்கள். இல்லை, அப்படிச் சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. நான்தான் கொடுத்தேன். கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாயாக, கண்ணை மூடிக் குடித்தாள். கடைசியில் டம்ளரைக் கவிழ்த்து நாக்கில் தட்டினாள். பிறகுதான் அந்தச் செய்தியைச் சொன்னாள்.

"உன் அத்தான் சொன்னது பொய்டி. கடைசி வாயும் முதல் வாய் மாதிரியேதான் இருக்கு. நான் போனப்புறம் அவர்கிட்ட சொல்லு."

"ஏன், உனக்கு வாய் இல்லையா? நீயே சொல்லு."

"நான் சொன்னா வாதாடுவார். நீ சொன்னா கேட்டுக்குவார்."

பன்னிரண்டு மணிக்கு அத்தான் நான்காம் மாடிக்கு வந்து கூட்டிப்போவார். அதற்குள் இவள் திரும்ப மேலே போய் நிற்க வேண்டும். பதினெட்டுப் படி. இந்தப் பொய்க்கு நாங்கள் கொடுத்த விலை அந்தப் பதினெட்டுப் படிதான். முதல் வெள்ளிக்கிழமை இரண்டு நிமிடத்தில் ஏறினாள். ஆறாவது வாரம் நடுவில் உட்கார்ந்து பத்து நிமிடம் ஆயிற்று. கால் வீங்கியது, காலுறை போட்டு மறைத்தாள். "மூணாம் மாடியிலயே ஏறிக்கோ, என்னைப் பாக்க வந்தேன்னு சொல்லு" என்று கெஞ்சினேன். "மூணாம் மாடியில ஏன் நின்னேன்னு கேப்பார். அவர் கேட்டா எனக்குப் பொய் வராது" என்றாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதுவும் உண்மை. "மெஷின் இப்பதான் அவளுக்கு ஒத்துக்குது" என்று அத்தான் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு விரிப்புகளை மடித்தேன்.

பதினோராவது வெள்ளிக்கிழமை. பதினொன்றேமுக்காலுக்குப் படி ஏற ஆரம்பித்தோம். நான் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கிக்கொண்டேன். ஒன்பதாவது படியில், இரண்டு மாடிக்கும் நடுவில் இருக்கிற திருப்பத்தில், அப்படியே சரிந்தாள். மூச்சு கொடகொடவென்று சத்தம் போட்டது. மேலே இழுக்க எனக்குத் தெம்பில்லை. நான் போட்ட கூச்சலில் மேலே இருந்து சிஸ்டர் ஓடிவந்து பார்த்துவிட்டு, "படியில மேல தூக்க முடியாது, கீழ தூக்கிட்டுப் போய் லிஃப்ட்ல ஏத்துங்க, நான் ஆக்சிஜன் ரெடி பண்றேன்" என்று மறுபடி மேலே ஓடினார். ரெக்கார்டு அறைக்காரரும் நானுமாக அக்காவை மூன்றாம் மாடி லிஃப்ட் வாசலுக்குத் தூக்கி வந்தோம். லிஃப்டைக் கூப்பிடுகிற மணியை மூன்று தடவை அடித்தேன்.

மூன்று மணி என்றால் ஸ்ட்ரெச்சர் என்று அர்த்தம். அத்தான் வைத்த விதி அது. மூன்று மணி கேட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேரே அங்கே போவார். ஆனால் மூன்றாம் மாடியில் நோயாளிகளே கிடையாது. துணி அறை, ரெக்கார்டு அறை, பூட்டிக் கிடக்கிற ஒரு கூடம், அவ்வளவுதான். வழி தவறி வருகிற பார்வையாளர்கள்தான் அங்கே பொறுமையில்லாமல் மணியைப் போட்டு அடிப்பார்கள். அதனால் மூன்றாம் மாடியில் எத்தனை மணி அடித்தாலும் அது அவருக்கு ஒரு மணிதான்.

அன்றைக்குக் கீழே நடந்ததை அவரே பின்னால் சொன்னார். உள்ளே பதினோரு பேர். வாசலிலிருந்து ஒரு பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். பத்து செகண்டில் வந்துவிடுவார் என்று கதவைப் பிடித்திருக்கிறார். பெரியவர் பாதி வழியில் மூச்சு வாங்க நின்றுவிட்டார். சரி, இன்னும் பத்து. தடி வழுக்கியது, இன்னும் பத்து. இவ்வளவு நேரம் நின்றாயிற்று என்பதை அவர் எப்போதும் கணக்கில் சேர்ப்பதில்லை அல்லவா, அடுத்த பத்தை மட்டும்தானே பார்ப்பார்? பத்துப் பத்தாகப் பார்த்தால் ஒவ்வொரு பத்தும் நியாயம். மொத்தம் நாற்பது ஆகிவிட்டது. பதினோரு பேருக்கு நாற்பது நாற்பதாகக் கூட்டினால் ஏழு நிமிடத்துக்கும் மேல். பெரியவரின் நாலு நிமிடத்துக்காக. முதலிலேயே தெரிந்திருந்தால் கதவைச் சாத்தியிருப்பார். நடுவில் முதல் மாடியிலும் இரண்டாம் மாடியிலும் நிறுத்தி ஆட்களை இறக்கினார்.

நான் விடாமல் மூன்று மூன்றாக அடித்துக்கொண்டிருந்தேன். லிஃப்ட் வந்தது. கம்பிக் கதவுக்கு உள்ளே இருந்தே, "யாருய்யா அது, மூணு மூணா அடிக்கிறது? கை சும்மா இருக்காதா?" என்று கத்திக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். நாலு மணி நேரத்துக்கு முன்னால் நான்காம் மாடியில் இறக்கிவிட்ட மனைவி மூன்றாம் மாடித் தரையில் கிடந்தாள்.

உள்ளே இருந்தவர்களை வெளியே தள்ளினார். அக்காவைத் தூக்கினோம். நான்காம் மாடியில் சிஸ்டர்கள் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். அப்போது கீழேயிருந்து மூன்று தடவை மணி அடித்தது. தரைத்தளத்தில் நிஜமான ஸ்ட்ரெச்சர். அத்தான் கதவைப் பிடித்துக்கொண்டு வார்டுப் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உள்ள போய் நான் என்ன செய்யப்போறேன்? கீழ ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கான்" என்றார். கதவைச் சாத்தினார். லிஃப்ட் இறங்கியது.

அவர் நோயாளியோடு மேலே வருவதற்குள் அக்கா போய்விட்டாள்.

பாவி, பெண்டாட்டி சாகும்போதுகூட அடுத்தது, அடுத்தது என்று போனவன்! அவர் முகத்துக்கு நேரேயே சொன்னேன். வார்டு வாசலில் எல்லோரும் கேட்கச் சொன்னேன். அதனால்தான் செய்தியை அடக்கிக்கொண்டேன். அவருக்கு அது போய்ச் சேரக் கூடாது என்று நினைத்தேன். அக்கா எதற்கு மூன்றாம் மாடிக்கு வந்தாள் என்று கேட்டபோது, "என்னைப் பாக்க வந்தா, மயங்கிட்டா" என்று மட்டும் சொன்னேன். அதில் என் பயமும் கலந்திருந்தது. தண்ணீர் கொடுத்த கை என்னுடையது.

நான்காவது நாளே வேலைக்கு வந்துவிட்டார். ஆனால் ஆள் பழைய ஆள் இல்லை. யாருக்காகவும் கதவைப் பிடித்து நிறுத்தவில்லை. கைப்பிள்ளையோடு ஓடி வந்தவளையும் பார்த்துக்கொண்டே சாத்தினார். 'அடுத்தது' என்றும் கத்தவில்லை. கூட்டம் அவரைத் திட்டித் தீர்த்தது.

பதினாறாவது நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, கூட்டம் இல்லாத நேரத்தில், விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நாப்பது செகண்டும்மா. அப்புறம் ரெண்டு மாடியில நிறுத்தினது, அதுல ஒரு நாப்பது. அந்த எண்பது செகண்ட் முன்னாடி வந்திருந்தா அவ பொழச்சிருப்பா. நான்தான் கொன்னுட்டேன்."

எத்தனை கோபம் இருந்தாலும் இதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு வெள்ளிக்கிழமை. கையெழுத்து. பதினெட்டுப் படி. எண்பது செகண்ட் அல்ல, எட்டு நாள் முன்னால் வந்திருந்தாலும் தாங்காத உடம்பு என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னதையும் சொன்னேன்.

கைப்பிடியைத் திருகி லிஃப்டை இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்தினார்.

"கால் வீங்கினது அதனாலயா?"

"ஆமா."

"நீயும் சேந்துக்கிட்டியா? பதினோரு வாரம், தினமும் என் முகத்தைப் பாத்துக்கிட்டு?"

"ஆமா, அத்தான். அடிக்கணும்னா அடிங்க."

அடிக்கவில்லை. "அந்த நாலு மணி நேரம் என்ன பண்ணுவா?" என்று கேட்டார்.

"தலையணை உறை மடிப்பா. என்னைக் கேலி பண்ணுவா. தண்ணி குடிப்பா."

"எவ்வளவு?"

"ஒரு முழு டம்ளர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்."

"மிச்சம் வைக்கலையா?"

"ஒரு சொட்டு வைக்கல. கடைசி வாயும் முதல் வாய் மாதிரியேதான் இருக்கு, உன் அத்தான் சொன்னது பொய்னு அவர்கிட்ட சொல்லு, அப்படீன்னா. அதைச் சொல்லத்தான் எனக்குப் பதினாறு நாள் ஆச்சு."

ஸ்டூலுக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். சிவப்புக் கோடு போட்ட அக்காவின் பாட்டில். அவள் திருப்பி ஊற்றிய தண்ணீர் கீழ்க் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே அப்படியே இருந்தது. மூடியைத் திறந்து, ஒவ்வொரு வாயாகக் குடித்தார். பாட்டில் காலியானது. கடைசி வாயை மட்டும் வாயிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னம் உப்பியிருந்தது, கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே யாரோ மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

"முழுங்குங்க, அத்தான்" என்றேன்.